பழைய கணினி எதற்காகக் காத்திருக்கிறது? காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் எட்டு, பத்து வருடமாக ஓடும் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தால் முதலில் எழும் பேச்சு "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்பதுதான். ஆனால் பிராசஸருக்கு வயதாவதால் வேகம் குறைவதில்லை. 2013-ல் வாங்கிய ஐ3 நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் இன்றும் அத்தனை போடும். மாறியிருப்பது அதன் மேல் ஓடும் மென்பொருளின் பசி. ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருக்கும், விசிறியில் தூசி அடைந்திருக்கும். மெதுவான கணினியில் பிராசஸர் பெரும்பாலான நேரம் வேலையில்லாமல் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. அந்த 'எதற்காக' தெரிந்துவிட்டால் எந்தப் பாகத்துக்குச் செலவழிப்பது என்பதும் தெரிந்துவிடும். தெரியாமல் செய்வதுதான் ஃபார்மட் அடிப்பது, ரேம் போடுவது, மறுபடி ஃபார்மட் அடிப்பது என்று சுற்றிச் சுற்றி வருகிற செலவு.

முதலில் அளவெடுங்கள்

கணினியை முழுதாக அணைத்து, ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்ததும் எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கீழே 'மோர் டீட்டெய்ல்ஸ்' இருந்தால் அதை அழுத்தி விரிவான பார்வைக்கு வாருங்கள். மேலே சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று சதவீதங்கள் தெரியும். பத்து நிமிடமாவது அதைத் திறந்து வைத்தபடியே வழக்கமான வேலையைச் செய்யுங்கள். பிரவுசர், நாலைந்து டேப், ஒரு வேர்ட் கோப்பு போதும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் எழுதும் வேகம் நொடிக்கு ஓரிரண்டு எம்பி மட்டுமே என்றால் ஹார்ட் டிஸ்க்தான் தடை. பழைய கணினிகளில் ஆக அதிகமாகக் காண்பது இதைத்தான். மெமரி 85, 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அதனால் ரேம் பற்றாக்குறையும் டிஸ்க் 100 சதவீதமாகவே வெளியே தெரியலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிபியு நிறைந்திருந்தால் எந்த நிரல் தின்கிறது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். கூடவே பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் இப்போதைய வேகத்தையும் அடிப்படை வேகத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் முழுச் சுமையிலும் 0.8-லேயே நின்றால் காரணம் சூடாக இருக்கலாம், சார்ஜராகவும் இருக்கலாம். சில லேப்டாப்கள் தங்கள் ஒரிஜினல் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யாது, பிராசஸர் வேகத்தையும் வேண்டுமென்றே குறைத்துவிடும். மலிவான டூப்ளிகேட் சார்ஜர் வாங்கிய பிறகு லேப்டாப் நத்தையானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தச் சார்ஜரை.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படி

பெரும்பாலான லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளின் வட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் அதைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்குப் பன்னிரண்டு மில்லிநொடி போல ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுக்க வேண்டுமென்றால் நொடிக்கு ஐம்பது அறுபதுதான் முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும். அதோடு அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், சர்ச் இண்டெக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கையை நீட்டும். விண்டோஸ் 7 ஓடியபோது சமாளித்த அதே டிஸ்க், விண்டோஸ் 10-ல் திணறுவதற்கு இதுவே காரணம். வட்டுக்குப் பதில் சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை. ஒவ்வொரு துண்டையும் ஒரு மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிடும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 'நொடிக்கு 550 எம்பி' வீட்டு உபயோகத்தில் அவ்வளவு முக்கியமல்ல. வித்தியாசத்தைத் தருவது இந்தக் காத்திருப்புக் குறைவுதான்.

அதனால்தான் பழைய மதர்போர்டில் எஸ்எஸ்டி போட்டு என்ன பயன் என்ற தயக்கம் தேவையற்றது. இந்திய வீடுகளில் ஏராளமாக இருக்கும் எச்61 சிப்செட் போர்டுகளில் 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்கள் (டிஸ்க்கைச் செருகும் இடங்கள்) மட்டுமே உண்டு. அதில் எஸ்எஸ்டியின் உச்ச வேகம் 280 எம்பிக்குள் நின்றுவிடும். இருந்தாலும் கணினி ஆன் ஆவதிலும் நிரல்கள் திறப்பதிலும் தெரியும் மாற்றம் ஏறக்குறைய முழுதாகவே கிடைக்கும். எச்81 போர்டில் இரண்டு போர்ட் 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். போர்டிலேயே எழுதியிருக்கும், 6 உள்ளதில் செருகுங்கள்.

வாங்கும் முன், இருக்கும் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் போதும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. சி6 என்பது மீட்க முடியாதவை. சி5-ல் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் வேகத்தை மறந்துவிட்டு முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க், சிதறிய துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டிஃப்ராக் எதையும் ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அவை இன்னும் சீக்கிரம் கொன்றுவிடும். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்த நிரல் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதால் 10 என்று தெரிவது உண்மையில் 16. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி வாங்குவதும் மாட்டுவதும்

ஹார்ட் டிஸ்க்குடன் வந்த லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய லேப்டாப்களில் 9.5 மில்லிமீட்டருக்கான இடம் இருக்கும். எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் ஆடாது. டெஸ்க்டாப்பில் 3.5 அங்குல இடத்துக்கு ஒரு பிராக்கெட் வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் ஒரு பக்கம் இரண்டு ஸ்க்ரூ போட்டால் போதும், அசையும் பாகம் எதுவும் உள்ளே இல்லை.

கொள்ளளவு 240 அல்லது 256 ஜிபி வீட்டுக்குப் போதும். 120 வாங்க வேண்டாம். விண்டோஸும் அப்டேட்களும் போக மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், நிறைந்த எஸ்எஸ்டி வேகம் இழக்கும். எப்போதும் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருக்கட்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களிலும் ஆன்லைனிலும் பெயர் தெரியாத கம்பெனிகளின் 1 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும். அவற்றில் சில, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி மாற்றப்பட்டவை. உண்மை அளவு நிறைந்ததும் புதுக் கோப்புகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரலால் முழுதும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். மூன்று வருட வாரண்டியும் பில்லும் தரும் மாடலையே எடுங்கள்.

லேப்டாப்பில் எம்.2 இடம் (பட்டை வடிவ எஸ்எஸ்டியை நேரே போர்டில் செருகும் இடம்) இருந்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. சில போர்டுகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். 2014-க்கு முந்தைய பல போர்டுகள் என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆகவே செய்யாது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டும் முன் நகலெடுக்க வேண்டியவை பற்றி ஒரு வார்த்தை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பது கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டரை. அது சில சமயம் சி டிரைவிலேயே தனியாகக் கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனின் டிரைவர், பிரிண்டரின் சரியான மாடல் பெயர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் வீடுகளில் இன்னொன்று முக்கியம்: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முன் தட்டச்சு செய்த திருமண அழைப்பிதழும் வீட்டுப் பத்திர வரைவும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸிலிருந்து அந்தக் கோப்புகளைத் தனியே எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் ஓடும் போர்டின் அடிப்படை நிரல்) ஏதாவது மாற்றிய பிறகு அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

அடுத்த கேள்வி, பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா என்பது. ஹார்ட் டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, மறுபடி நிறுவ முடியாத மென்பொருள் ஏதாவது இருந்தால் குளோன் செய்யலாம். மற்ற எல்லோருக்கும் புதிதாகப் போடுவதே நல்லது. பத்து வருடக் குப்பையைப் புது டிஸ்க்குக்குச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. கெட்ட செக்டர் (பகுதி) உள்ள டிஸ்க்கைக் குளோன் செய்தால் பாதியில் நின்றுவிடுவதும் வழக்கம். லைசென்ஸ் பற்றிய பயம் வேண்டாம். முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10, மதர்போர்டு மாறாதவரை இணையத்தோடு இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். நிறுவும்போது கேட்கும் சாவியைத் தராமல் தாண்டிவிடலாம், ஆனால் ஹோம், புரோ இரண்டில் முன்பு இருந்த அதே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதிதாக நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இதைச் செய்யாவிட்டால், விண்டோஸ் புது எஸ்எஸ்டியில் நிறுவப்பட்டாலும் பூட் செய்யத் தேவையான சிறு பகுதியைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் செத்தாலோ, கழற்றினாலோ கணினி ஆன் ஆகாது. குளோன் செய்தவர்களும் முதல் முறை எஸ்எஸ்டியிலிருந்து ஏற்றும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும்.

பயாஸில் சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை), ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று நிறுவும் முன்பே பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் ஐடிஇ என்றே விட்டிருப்பார்கள். அதில் எஸ்எஸ்டி முழு வேகம் தராது. குளோன் செய்த விண்டோஸில் இதைச் சட்டென மாற்றினால் நீலத்திரை வந்து நின்றுவிடும். வழி இருக்கிறது: விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் நிரலைத் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்து மறுதொடக்கம் செய்யுங்கள். நேரே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் வந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லேப்டாப்பைத் திறக்கும்போது சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில் மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைப் பிரிப்பது. ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. காகிதத்தில் லேப்டாப்பின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டைத் தள்ளிக்கொண்டு வரும் அல்லது போர்டைத் துளைத்துவிடும். மூடி வராவிட்டால் இழுக்காதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலோ டிவிடி டிரைவை உருவிய இடத்திலோ இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

ரேம்

எஸ்எஸ்டி போட்ட பிறகும் மெமரி 85-க்கு மேல் நின்றால் ரேம் சேர்க்கலாம். விண்டோஸ் 10-க்கு 4 ஜிபி என்பது உயிர் தாங்கும் அளவு. 8 வந்ததும் பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப் நிம்மதியாகத் திறக்கலாம். மின்னஞ்சல், யூடியூப், பாடம், கணக்கு என்ற அளவிலான வீட்டு வேலைக்கு 16 தேவையில்லை.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று தெரியும். வடிவம் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, அதைக் கழற்ற முடியாது. வகை மாறினால் செருகவே முடியாதபடி வெட்டு வேறிடத்தில் இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏமாற வாய்ப்புள்ள இடம் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் நடுவே. இரண்டும் ஒரே வடிவம், லேப்டாப்பில் 204 பின். ஒன்று 1.5 வோல்ட், மற்றது 1.35. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் 1.35 மட்டுமே கேட்கும். தவறானதைப் போட்டால் செருகும், ஆனால் திரை வராது. டிடிஆர்3எல் இரு அழுத்தத்திலும் ஓடும் என்பதால் சந்தேகம் இருந்தால் அதையே வாங்குங்கள்.

4 ஜிபியோடு இன்னொரு 8 சேர்ப்பது தவறில்லை, ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு ஸ்லாட்டில் மட்டும் போடுவதைவிட இரண்டிலும் போடுவது நல்லது, கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. ரேம் ஏற்றியும் 3.2, 3.4 ஜிபிதான் பயன்படுகிறது என்று காட்டினால் நிறுவியிருப்பது 32 பிட் விண்டோஸ். பல வருடம் முன்பு கடையில் போட்டுக் கொடுத்தது இன்னும் அப்படியே இருக்கும். 64 பிட்டைப் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ரேம் மாற்றியதும் திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் முழுதாக உட்காரவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தங்க நிற முனைகளைத் துடைத்து, இரு முனை கிளிப்பும் தானே மூடும்வரை அழுத்துங்கள். ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பழைய ரேம் வாங்கியிருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஒரு இரவு ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

சூடு

ஆன் செய்த பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு விசிறி இரைந்து, எல்லாம் இழுக்கிறதென்றால் அது சூடு. எச்டபிள்யூமானிட்டர் போன்ற நிரலில் பாருங்கள். சும்மா இருக்கும்போது 45, 55 டிகிரி, சுமையில் 80 வரை கவலையில்லை. 95-ஐத் தொட்டால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் அறையே 36 டிகிரியில் இருக்கும்போது, மாசியில் தப்பித்த கணினி மாட்டிக்கொள்ளும்.

லேப்டாப்பில் தூசி விசிறியில் மட்டும் இருப்பதில்லை. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளம் போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளே போய் அடைக்கும். விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். புளோயரால் அடிக்கும்போது இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும்.

பிராசஸருக்கும் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் நாலைந்து வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். பழையதை ஆல்கஹாலால் முழுதும் துடைத்துவிட்டு, டெஸ்க்டாப் பிராசஸருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும், அழுத்தத்தில் தானே பரவும். லேப்டாப் சிப்பில் மூடி இல்லாததால் மெல்லிய படலமாக முழுப் பரப்பிலும் தடவுங்கள். ஹீட்சிங்க்கில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், ஒரே மூலையை முழுதாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். இன்டெல் டெஸ்க்டாப்பில் பிராசஸரோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று உடைந்தோ நழுவியோ இருப்பது மிகச் சாதாரணம். விசிறி நன்றாகச் சுற்றும், ஆனால் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாது. மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேஸ்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், பின்னை மாற்றுங்கள்.

லேப்டாப்பைத் திறந்திருக்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வருவது அதன் அறிகுறி. உப்பியிருந்தால் குத்தாமல், வளைக்காமல் உடனே எடுத்துவிடுங்கள். பெரும்பாலான மாடல்களைப் பேட்டரி இல்லாமல் சார்ஜரில் ஓட்டலாம்.

டெஸ்க்டாப்பில் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போனால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. தேதி தவறானதும் வங்கித் தளங்கள் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கும். அதோடு பயாஸ் அமைப்பும் பழையபடி திரும்பி, நீங்கள் ஏஎச்சிஐ என்று மாற்றியது ஐடிஇ ஆகி, விண்டோஸ் ஏறாமல் போகலாம். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இந்தச் செல்லை மாற்றிப் பாருங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையற்றதை டிஸேபிள் செய்யலாம். டோரண்ட், பழைய பிரிண்டர் உதவியாளர்கள், கேம் லாஞ்சர், மீட்டிங் செயலிகள் எதுவும் கணினியோடு சேர்ந்து எழ வேண்டியதில்லை. டச்பேட், ஆடியோ டிரைவர்களைத் தொடாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள், ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். பிரவுசர் நீட்சிகளில் நீங்கள் போடாதவை இருந்தால் தூக்குங்கள். சி டிரைவில் இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அப்டேட்டும் தடுமாறும், டிஸ்க் கிளீனப்பில் பழைய அப்டேட் கோப்புகளை நீக்குங்கள்.

யூடியூபில் சொல்லப்படும் பல வித்தைகள் வெறும் நேர விரயம், சில கெடுதல். எம்எஸ்கான்ஃபிக்கில் பிராசஸர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வார்கள். அது எண்ணிக்கையைக் குறைத்துச் சோதிப்பதற்காக வைத்த அமைப்பு. எல்லா கோர்களையும் விண்டோஸ் ஏற்கெனவே பயன்படுத்துகிறது. நிரல்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் வைத்திருக்கும் பிரீஃபெட்ச் கோப்புகளை அழித்தால் விண்டோஸ் அவற்றை மறுபடி கட்டும், அதுவரை இன்னும் மெதுவாகும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேகம் தராது, சில சமயம் தேவையான பதிவை நீக்கி நிரலைக் கெடுக்கும். அவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. டிரைவர் அப்டேட்டர், ரேம் பூஸ்டர் என்று வருபவை பெரும்பாலும் தாமே பின்னணியில் ஓடி ரேமைத் தின்னும். எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் வேண்டாம். விண்டோஸ் அதை எஸ்எஸ்டி என்று அறிந்து, தேவையான டிரிம்மை (அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) தானே செய்துகொள்ளும்.

எந்த விண்டோஸ், எதுவரை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏழாம் தலைமுறையில் ஒரு சில விதிவிலக்கு தவிர அதற்குக் கீழே எதற்கும் அதிகாரபூர்வமாக இடமில்லை. குறுக்கு வழியில் நிறுவ முடியும்தான், ஆனால் பெரிய அப்டேட்கள் தானாக வருமென்று நம்ப முடியாது. வங்கி வேலை செய்யும் கணினியில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கு நல்ல மாற்று லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சுகமாக ஓடும். பென்டிரைவிலிருந்து நிறுவாமலேயே ஓட்டி, வைஃபை, சத்தம், பிரிண்டர், கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவலாம். தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் தொகுப்புகளைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டிலும் தட்டச்சு செய்யலாம். பிரவுசர், வீடியோ, கடிதம், பிள்ளைகளின் பாடம் இவற்றுக்குக் குறையே தெரியாது. டேலியும் டிஎஸ்சி கையெழுத்தும் அன்றாடம் தேவைப்படுபவர்கள் மட்டும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பல வீடுகளில் அலமாரியில் தூங்குகின்றன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாற்ற முடிகிற, 64 பிட் பிராசஸர் உள்ள எதையும் எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், மின்ட் என்ற கூட்டணியில் தம்பி தங்கைகளின் படிப்புக்கு எழுப்பிவிடலாம். செலவழிக்க வேண்டாதவையும் உண்டு. டிடிஆர்2 ரேம் கேட்கும் கோர் 2 டுவோ காலத்து டெஸ்க்டாப்களில் பலவற்றுக்கு உச்சமே 4 ஜிபிதான், அதற்கு மேல் வளர வழியில்லை. 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைத்த, 2 ஜிபி ரேம் உள்ள சிறு லேப்டாப்களில் மாற்றக்கூடிய பாகம் எதுவுமே இல்லை. இவற்றுக்குப் போடும் காசை, கம்பெனிகளில் பயன்படுத்தி வெளியே வந்த எட்டாம் தலைமுறை லேப்டாப் ஒன்றுக்குச் சேர்த்து வையுங்கள்.

எஸ்எஸ்டி போட்டு முடிந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும், எடுக்க மறந்த கோப்பு ஏதாவது அதற்குள் நினைவுக்கு வரும். சி5, சி6 பூஜ்யமாக இருந்தால் யுஎஸ்பி கேஸில் போட்டுப் புகைப்படங்களின் இரண்டாம் நகலுக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரே நகலுக்கு வேண்டாம். விற்பதாகவோ பழைய பொருள் கடைக்குப் போடுவதாகவோ இருந்தால் குவிக் ஃபார்மட் போதாது, கோப்புகளை அதிலிருந்து மீட்டுவிட முடியும். டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளை நிரலில் சரியான டிஸ்க் எண்ணை இருமுறை பார்த்துத் தேர்ந்தெடுத்து, 'கிளீன் ஆல்' கட்டளை கொடுங்கள். 500 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும், யுஎஸ்பி 2.0 வழியாக என்றால் நாலைந்து மணி நேரம்.